விலக்கு

எனக்குக் கோபம் அதிகம். மறைப்பதற்கு ஒன்றுமில்லை. பாயா ரும்புட் என்கிற ஊரில் ஸ்கூல் வேன் ஓட்டுகிறேன். தினமும் பதினாறு பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவள் சாந்தசொரூபியாக இருந்தால், அதுகள் என் தலையில் ஏறி உட்கார்ந்துவிடும். பிரகாசி ஆன்ட்டி ஹார்ன் அடிப்பதற்கு முன்பே பெற்றோர்கள் பிள்ளையோடு கேட்டில் வந்து நிற்பார்கள். ஒரு முறை அடித்தால் சரி. இரண்டாவது முறை அடிக்க வைத்தால் நான் வேனைவிட்டு இறங்கிவிடுவேன் என்று அவர்களுக்குத் தெரியும்.

அப்படிப்பட்டவள் ஞாயிற்றுக்கிழமை காலையில் அதே வேனில் ஒன்றரை மணி நேரம் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பேன். நான்கு வருஷம் அப்படி உட்கார்ந்தேன்.

என் அப்பா சூசைமுத்துவுக்கு முட்டி போய்விட்டதால் மோட்டார் சைக்கிள் ஓட்ட முடியவில்லை. லூபோக் சீனா என்ற ஊரில் அவர் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் தங்கை ரீத்தா இருந்தாள்; ஆனால் அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. அதனால் ஞாயிறுதோறும் நான் ஏழரைக்குக் கிளம்பிப் போய் அப்பாவை ஏற்றி, செம்பனைத் தோட்டத்து ஓரத்தில் இருக்கும் அந்தச் சின்னக் கோயிலில் ஒன்பது மணிப் பூசைக்கு இறக்கிவிடுவேன். எங்கள் ஆட்களுக்குச் சர்ச்சும் கோயில்தான், திருப்பலியும் பூசைதான். அப்பா உள்ளே போவார். நான் ரோட்டோர மரத்தடியில் வேனை நிறுத்தி, கண்ணாடியைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்திருப்பேன்.

பாட்டெல்லாம் கேட்கும். நடுப்பூசையில் மணி அடிக்கும்போது என் கை தானாக நெற்றிக்குப் போகும். யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு, முடியை ஒதுக்குவதுபோல் இறக்கிவிடுவேன். அதற்குப் பிறகு எல்லாரும் வரிசையாகப் போய் அப்பம் வாங்கும் நேரம். அதை நாங்கள் நன்மை வாங்குவது என்போம். அந்தப் பாட்டின் முதல் வரி வந்ததும் ரேடியோவைப் போட்டுவிடுவேன். விளம்பரம் ஓடினாலும் சரி, சத்தமாக வைத்துவிடுவேன். பசியோடு இருக்கிறவள் பக்கத்து வீட்டுத் தாளிப்பு வாசனையை எவ்வளவு நேரம்தான் தாங்குவாள்?

பூசை முடிந்து அப்பா வேனில் ஏறியதும் ஆரம்பிப்பார். "இன்னிக்கி ஃபாதர் என்ன சொன்னாருன்னா..." வீடு வந்து சேரும்வரை ஒரு வார்த்தை விடாமல் முழுப் பிரசங்கத்தையும் சொல்வார்.

"நான் கேட்டேனாப்பா?" என்று ஒரு நாள் எரிந்து விழுந்தேன்.

"பிரசங்கம் கேக்கக் கூடாதுன்னு ஒனக்கு யாரும் சொல்லலியே. நன்மைதானே வாங்கக் கூடாது," என்றார்.

வீட்டைவிட்டு நான் போன பிறகு அவர் அதைப் பற்றி என்னிடம் வாய் திறந்தது அந்த ஒரு தரம்தான்.

அது என்னவென்று சொல்கிறேன். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் நானும் வசந்தனும் கல்யாணம் செய்துகொள்வது என்று முடிவு செய்தோம். வசந்தன் டயர் வொர்க்‌ஷாப்பில் வேலை செய்தவர். முருகனைக் கும்பிடுகிற குடும்பம். நான் அவரையும் கூட்டிக்கொண்டு அப்போதிருந்த ஃபாதரிடம் போனேன். ஃபாதர் ஒரு விண்ணப்பப் பாரத்தில் என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பிஷப்பின் பதில் வந்ததும் வீட்டுக்கு எழுதுவதாகச் சொன்னார். கடிதம் வந்தது, அப்பா பெயருக்கு. நான் வேலை முடிந்து வந்தபோது அப்பா வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"விலக்கு வந்துருச்சி," என்றார். "ஒன்னைய சபையிலருந்து விலக்கிட்டாங்க. இனிமே ஒனக்குப் பூசை கெடையாது, நன்மை கெடையாது. போதுமா?"

கடிதத்தைக் காட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. ஊரில் எல்லாரிடமும் எல்லாவற்றையும் கேட்டுச் சண்டை போடுகிறவள், அதை மட்டும் கேட்கவில்லை. அப்பா முகம் அப்படி இருந்தது. நாலு துணியைப் பையில் அடைத்துக்கொண்டு வந்துவிட்டேன். பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டோம். வசந்தன் முருகன் சன்னிதியில் தாலி கட்டினார். எழுதிய ஃபாதரும் அடுத்த மாதமே ஜொகூர் பக்கம் மாற்றலாகிப் போனதாகக் கேள்விப்பட்டேன். அம்மாவின் சாவு வீட்டில்தான் அப்பா மறுபடி என்னோடு பேசினார். சாப்பாடு, மருந்து, மழை, இவ்வளவுதான் எங்கள் பேச்சு.

ஒன்று மட்டும் நான் விடவில்லை. வருஷத்துக்கு ஒரு நாள், விபூதிப் புதனன்று, டவுனில் என்னை யாருக்கும் தெரியாத ஒரு கோயிலுக்குப் போய்விடுவேன். ஈஸ்டருக்கு முந்தைய நோன்பான தபசுகாலம் ஆரம்பிக்கிற நாள் அது. நெற்றியில் சாம்பலால் சிலுவை போடுவார்கள். சாம்பல் வாங்க வருகிறவளிடம் நீ யார், உன்னை விலக்கியிருக்கிறார்களா என்று யாரும் கேட்பதில்லை. வாங்கிக்கொண்டு, நன்மைக்கு வரிசை எழும்புவதற்குள் வெளியே வந்துவிடுவேன். கண்ணாடியில் பார்த்து, கட்டைவிரலால் சிலுவையைப் பக்கவாட்டில் இழுத்துவிட்டால் விபூதிப்பட்டை ஆகிவிடும்.

எதிர்வீட்டு நளினி கேட்பாள். "எங்கக்கா போய்ட்டு வர்றீங்க?"

"கோயிலுக்கு."

"விபூதி என்னக்கா கறுப்பா இருக்கு?"

"ஹோமத்துச் சாம்பல் லா. கறுப்பாத்தான் இருக்கும்."

அந்த ஒன்றுதான் பொய். மற்றதையெல்லாம் தமிழே எனக்காகச் சொல்லிவிட்டது. அவளுக்கும் கோயில்தான், எனக்கும் கோயில்தான். அவளுக்கும் விபூதிதான், எனக்கும் விபூதிதான்.

வசந்தனிடமும் சொன்னதில்லை. சொன்னால், என்னைக் கட்டியதால்தானே இவளுக்கு இந்தக் கதி என்று அந்த மனுஷன் மனசு ஒடிந்துபோவார். அன்றைக்கு நான் ஒரு வேளைதான் சாப்பிடுவேன், கறி தொட மாட்டேன். ஏன் என்று கேட்டால் சொல்ல ஒரு கதை தயாராக வைத்திருப்பேன். அவர் கேட்டதே இல்லை. அதுவும் எனக்கு எரிச்சல்தான். பெண்டாட்டி பட்டினி கிடக்கிறாளே, என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டாரா? அவர் பாட்டுக்கு வயிறு சரியில்லை என்று கஞ்சியைக் குடித்துவிட்டு டிவியில் செய்தி பார்த்துக்கொண்டிருப்பார்.

இந்த வருஷம் ஜனவரியில் அப்பா இறந்துபோனார். அடக்கப் பூசையின்போதும் நான் வெளியேதான் நின்றேன். அந்தக் கோயிலில் என் கதை எல்லாருக்கும் தெரியும். வசந்தன் உள்ளே போய் ரீத்தா பக்கத்தில் உட்கார்ந்தார். முருக பக்தர் உள்ளே, சூசைமுத்து மகள் வெளியே. அப்பாவின் பெட்டி என்னைக் கடந்துதான் போயிற்று. அதன்மேல் கையை வைக்கத் துணிவில்லாமல் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

ஒரு மாதம் கழித்து நானும் ரீத்தாவும் அவர் அலமாரியை ஒழித்தோம். பைபிளுக்குள் அந்தக் கடிதம் இருந்தது. மடித்து மடித்து, மடிப்பெல்லாம் கிழிந்து, புண்ணுக்குப் போடுகிற பிளாஸ்டரைப் பின்னால் ஒட்டி வைத்திருந்தார். விலக்கு என்ற சொல்லின் அடியில் சிவப்புப் பென்சிலால் கோடு. இருபத்தாறு வருஷம் கழித்து முதல் தடவையாக அதை நான் படித்தேன்.

உங்கள் மகள் பிரகாசிக்கு மத வேறுபாட்டு விலக்கு பிஷப் அவர்களால் அன்புடன் வழங்கப்பட்டுள்ளது. மேற்கொண்டு ஆக வேண்டியதைப் பேச என்னை வந்து பார்க்கவும். அவ்வளவுதான், கீழே கையெழுத்து.

ரீத்தாவும் எட்டிப் பார்த்துப் படித்தாள். "என்னக்கா இது, வழங்கப்பட்டுள்ளதுன்னு போட்டிருக்கு? பரிசு குடுக்கிற மாதிரி."

எனக்கும் அதுதான் உறுத்தியது. ஒருத்தியை வெளியே தள்ளுவதை யாராவது அன்புடன் வழங்குவார்களா? அப்படியே கடிதத்தை எடுத்துக்கொண்டு இருவரும் கோயில் ஆபீசுக்குப் போனோம். இப்போது இருப்பவர் சின்ன வயது ஃபாதர். ஒரு தரம் படித்தார். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு இன்னொரு தரம் படித்தார்.

"அக்கா, இது தண்டன இல்ல. அனுமதி," என்றார். "வேற மதத்துக்காரரக் கட்டக் கூடாதுன்னு ஒரு சட்டம் இருக்குல்ல, அதுலருந்து ஒங்களுக்கு விலக்கு. வரிவிலக்குங்கிறோமே, அந்த மாதிரி. ஒங்கள யாரும் வெளிய தள்ளல."

"அப்ப, மேற்கொண்டு ஆக வேண்டியதுன்னு போட்டிருக்கே, அது என்னா?"

"கல்யாணத் தேதி குறிக்க வரச் சொல்லியிருக்காரு."

ரீத்தா அழ ஆரம்பித்தாள். எனக்கு அழுகை வரவில்லை. உச்சந்தலைவரைக்கும் சூடு ஏறியது. விலக்கு என்றால் தள்ளிவைப்பதும் விலக்குதான், போகட்டும் என்று விடுவதும் விலக்குதான். எனக்காக இத்தனை வருஷம் மறைத்துப் பேசிய அதே தமிழ், ஒரே சொல்லில் என்னைத் தெருவில் நிறுத்தியிருந்தது. எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் ஆறு வருஷம் படித்த என் அப்பா அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, எந்த முகத்தோடு ஃபாதரைப் போய்ப் பார்ப்பது என்று போகாமலே இருந்திருக்கிறார்.

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகலக்கா," என்றார் ஃபாதர். "கோயில்ல வெச்சி ஒங்க கல்யாணத்த மந்திரிக்கணும், அவ்ளோதான். அவரு மதம் மாற வேண்டியதில்ல. ரெண்டு சாட்சி, கொஞ்சம் பேப்பர் வேலை. அப்பறம் நீங்க நன்மை வாங்கலாம்."

"வாங்கலாமா?" என்றேன். "இருபத்தாறு வருசத்து ஞாயித்துக்கெழமைய யாரு ஃபாதர் திருப்பிக் குடுப்பா? எங்கப்பா பொட்டியத் தொடாம நின்னேனே, அத யாரு திருப்பிக் குடுப்பா? எனக்கு ஒண்ணும் வேணாம். நான் வர மாட்டேன்."

அதற்குமேல் நின்றிருந்தால் அவருக்கும் கிடைத்திருக்கும். ரீத்தாவை வீட்டில் இறக்கிவிட்டு, வழியெல்லாம் ஹார்ன் அடித்துக்கொண்டே பாயா ரும்புட் வந்து சேர்ந்தேன். வசந்தனிடம் விஷயத்தை நாலே வாக்கியத்தில் சொல்லி முடித்தேன். அவர் கடிதத்தை வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரமே விபூதிப் புதன் வந்தது. நான் கோயிலுக்குப் போகவில்லை. பாசாருக்குப் போய் ஒரு முழுக் கோழி வாங்கி வந்தேன். தேங்காய் அரைத்துவிட்டு, தெருவே மணக்கிற மாதிரி கெட்டியாகக் குழம்பு வைத்தேன். வேண்டுமென்றேதான் வைத்தேன். யாரைப் பழிவாங்குகிறேன் என்று கேட்டால் தெரியாது. செத்துப்போன அப்பாவையா, மாற்றலாகிப் போன ஃபாதரையா, கடவுளையா?

சாயங்காலம் வசந்தன் வந்தார். கை கழுவிவிட்டு மேசையில் உட்கார்ந்தார். சோற்றைப் போட்டு, கறியைக் கரண்டியில் அள்ளினேன். அவர் தட்டைக் கையால் மூடிக்கொண்டார்.

"எனக்கு வேணாம் பிரகாசி. வயிறு சரியில்ல."

"காலையில நல்லாத்தானே இருந்துச்சி? ரெண்டு மணி நேரம் அடுப்படியில நின்னு ஆக்கியிருக்கேன், வயிறு சரியில்லன்னா என்னா அர்த்தம்?"

"இன்னிக்கி புதன் லா."

"புதனா இருந்தா என்னா? நீங்க வெள்ளிக்கெழமதானே சைவம்?"

மூடிய கையை எடுக்காமல் தட்டைப் பார்த்தபடியே சொன்னார். "ஒன் விபூதிப் புதன்."

நான் கரண்டியைச் சட்டியிலேயே வைத்துவிட்டேன்.

"நம்ம ஷாமினி கைப்பிள்ளையா இருந்தப்ப ஒரு நாளு டவுனுக்கு டயர் கொண்டுபோனேன்," என்றார். "கோயில் வாசல்ல நீ நின்ன. மோட்டார் கண்ணாடியப் பாத்து நெத்தியில இருந்தத அழிச்சிக்கிட்டு இருந்த. வொர்க்‌ஷாப்புல ஒங்க வேதத்துக்காரரு, ஒரு போர்த்துகீஸ்காரரு இருந்தாருல்ல, அவருகிட்ட கேட்டேன், இன்னிக்கி ஒங்க கோயில்ல என்னா விசேசம்னு. சாம்பல் பூசுற நாளு, நாங்க ஒரு வேளதான் சாப்புடுவோம், எறச்சி கெடையாதுன்னாரு. அதுலருந்து வருசா வருசம் அவருகிட்ட தேதி கேட்டு வெச்சிக்குவேன்."

"அப்ப அந்த வயிறு..."

"என் வயித்துக்கு ஒண்ணும் இல்ல."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீயும் சொல்லலியே," என்றார். "என்னக் கட்டுனதாலதான ஒனக்கு அது போச்சி. திருப்பி வாங்கிக் குடுக்க எனக்கு வழி தெரியல. கூடப் பட்டினி கெடக்கத்தான் தெரிஞ்சிச்சி."

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. ஃபாதர் ஆபீசில் வராதது, அப்பா பெட்டி போகும்போது வராதது எல்லாம் சேர்ந்து வந்தது. மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதேன். அவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். இருபது வருஷத்துக்கு மேலாக, ஒரே ஒரு புதன்கிழமைக்கு மட்டும் வயிறு சரியில்லாமல் போகிற மனுஷன். நான் அதைக்கூடக் கவனிக்கவில்லை. செய்தி பார்க்கிறார் என்று திட்டிக்கொண்டிருந்தேன்.

அழுது முடித்தபோது ஒன்று விளங்கியது. கடிதத்தை அப்பா தப்பாகப் படித்தார், சரி. நான் ஏன் கேட்கவில்லை? வருஷா வருஷம் டவுன் கோயிலுக்குப் போனேனே, அங்கே ஒரு ஃபாதரைப் பிடித்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முதல் வருஷமே தெரிந்திருக்கும். பயம். அதைவிட, அதுதான் எனக்குத் தகும் என்று உள்ளுக்குள் ஒத்துக்கொண்டிருந்தேன். அப்பாவை அழவைத்த மகள், வாயாடி, கோபக்காரி. இவளை யார் உள்ளே வைத்துக்கொள்வார்கள் என்று நானே தீர்ப்பு எழுதி நானே வெளியே உட்கார்ந்துவிட்டேன். அந்த வாயாடி பட்டினி கிடந்த நாட்களிலெல்லாம், எதையும் கேட்காமல் ஒருவர் பக்கத்திலேயே பட்டினி கிடந்திருக்கிறார். நீ திருந்தினால்தான் உன்னோடு கிடப்பேன் என்று அவர் சொல்லவில்லை. இதைவிடப் பெரிதாகவா கடவுள் இருக்கப்போகிறார்? இருந்தால், இதேபோலத்தான் இருப்பார் என்று தோன்றியது.

கோழிக்கறி சட்டியோடு நளினி வீட்டுக்குப் போனது.

"என்னக்கா விசேசம்?" என்று கேட்டாள்.

"விபூதிப் புதன்," என்றேன். அவளுக்குப் புரியவில்லை. விளக்கிச் சொல்ல எனக்கும் அப்போது பொறுமை இல்லை.

பேப்பர் வேலையெல்லாம் முடிய ஈஸ்டர் கடந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒன்பது மணிப் பூசைக்கு அரை மணி முன்னால், அதே சின்னக் கோயிலில் ஃபாதர் எங்களை மந்திரித்தார். ரீத்தாவும், ஜொகூரிலிருந்து வந்திருந்த எங்கள் மகள் ஷாமினியும் சாட்சி. வசந்தனிடம் சம்மதமா என்று கேட்டபோது, வொர்க்‌ஷாப்பில் பேசுகிற குரலிலேயே சம்மதம் என்றார். ஷாமினி சிரித்துவிட்டாள்.

பிறகு ஜனங்கள் வந்து நிறைந்தார்கள். நாலு வருஷம் வெளியே கேட்ட பாட்டை இப்போது உள்ளே இருந்து கேட்டேன். நன்மைக்கு முன்னால், ஆண்டவர் என்னிடம் வர எனக்குத் தகுதியில்லை என்று சொல்கிற ஒரு செபம் உண்டு. சின்ன வயதில் பழகியது, வாய் மறக்கவில்லை. இத்தனை காலமும் அது எனக்காகவே எழுதியது என்று நினைத்திருந்தேன். அன்றைக்குப் பார்த்தால் முன் வரிசைக்காரர் சொல்கிறார், பாட்டுக்குழு சொல்கிறது, ரீத்தா சொல்கிறாள், அப்பத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஃபாதரும் சொல்கிறார். எல்லாரும் தகுதியில்லை என்று சொல்லிவிட்டு எல்லாரும் வரிசையில் போய் நின்றார்கள். யாரும் எழுந்து வேனுக்குப் போகவில்லை.

நானும் போய் நின்றேன். என் கோபத்தையும் வாயையும் வைத்துக்கொண்டே போய் நின்றேன். ஆமென் என்று சொல்லி நன்மை வாங்கினேன்.

திரும்பி வந்து முழங்காலில் இருந்தபோது பக்கத்தில் வசந்தனின் வயிறு கடமுடவென்று சத்தம் போட்டது. பூசைக்கு முன்னால் நாங்கள் ஒன்றும் சாப்பிட மாட்டோம். அது எங்களுக்குத்தான், அவருக்கு என்ன வந்தது?

"காலையில ஒரு கப்பு தே ஓ கூடக் குடிக்கலியா?" என்று கிசுகிசுத்தேன்.

பீடத்தைப் பார்த்தபடியே சொன்னார். "வயிறு சரியில்ல."

பூசை முடிந்ததும் அவரையும் ஷாமினியையும் வேனில் உட்காரச் சொல்லிவிட்டு, நான் மட்டும் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் கல்லறைக்குப் போனேன். அப்பாவின் மேட்டில் மண் இன்னும் புதிதாகத்தான் இருந்தது. அவரிடம் கேட்க எவ்வளவோ இருந்தது. ஏன்ப்பா போய்க் கேட்கவில்லை, ஏன்ப்பா காட்டவில்லை என்று சண்டை போடத்தான் போனேன். சத்தியமாகச் சொல்கிறேன், அதற்குத்தான் போனேன். மண்ணில் கையை வைத்ததும், வாயில் வேறு வந்தது.

"அப்பா, இன்னிக்கி ஃபாதர் என்ன சொன்னாருன்னா... தன்னத் தெரியவே தெரியாதுன்னு மூணு தரம் சொன்ன ஆளுக்கு, சாமி கடக்கரையில அடுப்பு மூட்டி மீன் சுட்டு வெச்சிருந்தாராம். ஏன் அப்பிடிச் சொன்னன்னு கேக்கலியாம். மொதல்ல வந்து சாப்புடுங்கன்னாராம்."

ஒரு வார்த்தை விடாமல் முழுப் பிரசங்கத்தையும் சொன்னேன். இருபது நிமிடம் ஆகியிருக்கும். பசியோடு வேனில் காத்திருந்த வசந்தன் ஒரு தரம்கூட ஹார்ன் அடிக்கவில்லை.